மேடைக்கு யாரை அழைக்கிறோம்?

ஆண்டிறுதி நெருங்க நெருங்க நம் பங்குகள் பலவற்றிலே ஒரு புதுச் சுறுசுறுப்பு உண்டாவதைக் காண்கிறோம். மறைக்கல்வி வகுப்புகள் முடிவடையும் காலம். இளைஞர் மன்றங்கள் தம் ஆண்டறிக்கையை எழுதும் காலம். அறைவீட்டு விறாந்தையில் நாலைந்து கதிரைகளைப் போட்டுக்கொண்டு ஒரு குழு கூடுகின்றது. இளையோர் பரிசளிப்பு விழாவை எந்தத் திகதியில் வைப்பது, பிரதம விருந்தினராக யாரை அழைப்பது, கிண்ணங்கள் எத்தனை, சான்றிதழ்கள் எத்தனை, வருபவர்களுக்குத் தேநீரோடு என்ன கொடுப்பது, மண்டபம் போதுமா, பந்தல் போடுவதா என்றெல்லாம் ஆராயப்படுகின்றது. இவை தேவையான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகின்றது. திருச்சபை இளையோருக்கு ஏன் பரிசு கொடுக்கவேண்டும்? கொடுப்பதாயின் எதற்காகக் கொடுக்கவேண்டும்?

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விதமான பதில்கள் உண்டு. “பரிசு இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள், பரிசு என்றதும் ஓடி வருவார்கள்” என்பர் சிலர். “நன்மை செய்பவன் புகழை நாடலாகாது; வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் போதித்திருக்க, கோவில் வளவிலேயே மேடை கட்டிப் புகழ்மாலை சூட்டுவது தகுமா?” என்பர் வேறு சிலர். முன்னவர்கள் பரிசை ஒரு தூண்டிலாகக் கருதுகின்றனர். பின்னவர்கள் அதை ஒரு சோதனையாகக் கருதுகின்றனர். இரு சாராரும் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரண்டுமே முழு உண்மையல்ல என்பதை இங்கு சற்று ஆராய்வோம்.

புகழ்ச்சி பாவமா?

மலைப்பொழிவிலே இயேசு கண்டித்தது எதனை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனிதர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே தர்மம் செய்பவனை, செபிப்பவனை, நோன்பிருப்பவனை அவர் கண்டித்தார். புகழை நாடிச் செய்பவனுக்குக் கிடைத்த அப்புகழே கூலியாக முடிந்துவிடுகிறது என்றார். பிறர் செய்த நன்மையைக் கண்டு வாய்திறந்து பாராட்டுவதை அவர் எங்கும் தடுக்கவில்லை. அவரே பலமுறை பாராட்டினார். உரோமைப் படையின் நூற்றுவர் தலைவனின் நம்பிக்கையைக் கண்டு, தம்மைப் பின்தொடர்ந்த கூட்டத்தின் முன்னிலையிலேயே வியந்து பேசினார். பெத்தானியாவில் தம்மீது நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணின் செயல், நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் சொல்லப்படும் என்றார். எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணைத் தம் சீடருக்குச் சுட்டிக்காட்டினார்.

இந்தக் கடைசி நிகழ்ச்சி நம் பரிசளிப்புக் குழுக்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஆண்டவர் முதலிலே உட்கார்ந்தார். பிறகு உற்றுப் பார்த்தார். அதன் பின்னரே பேசினார். பெருந்தொகை போட்ட செல்வர்கள் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தவர்கள். கைம்பெண்ணைக் காண்பதற்கு உட்கார்ந்து பார்க்கவேண்டியிருந்தது. பாராட்டு என்பது பார்வையிலிருந்து பிறக்கவேண்டும். பாராத ஒருவன் சொல்லும் பாராட்டு வெறும் முகமன்.

புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தை நம்மில் பலர் பெயர்ப்பட்டியல் என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறோம். அதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் பெயர் சொல்லி வாழ்த்துகின்றார். பலருடைய பெயரோடு ஒரு காரணமும் சேர்ந்து வருகின்றது. பெயிபா பலருக்கு உதவியவர். பிரிஸ்காவும் அக்கிலாவும் அவருக்காகத் தம் உயிரையே பணயம் வைத்தவர்கள். மரியாவும் பெர்சியும் ஆண்டவருக்காக மிக உழைத்தவர்கள். முதலாம் இடம், இரண்டாம் இடம் என்ற வரிசை அங்கே இல்லை. திருச்சபையின் மிகப் பழைய பாராட்டுப் பட்டியல்களுள் இது ஒன்று என்று சொன்னால் தவறாகாது. பெயரும் காரணமும் சேர்ந்தே சொல்லப்படுவது அதன் சிறப்பு.

பிற்காலத்திலும் திருச்சபை பரிசளிப்பை ஒதுக்கிவிடவில்லை. இயேசு சபையார் 1599-இல் வெளியிட்ட கல்வி ஒழுங்கிலே பரிசுகளுக்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு. இலத்தீன், கிரேக்கக் கட்டுரைகளுக்கும் கவிதைகளுக்கும் பரிசு வழங்கப்பட்டதோடு, கிறிஸ்தவ போதனையைச் சிறப்பாகக் கற்றவருக்கும் பரிசு குறிக்கப்பட்டது. எழுதியவர் தம் பெயரைக் கட்டுரையில் போடலாகாது. ஓர் அடையாளத்தை மட்டும் இடவேண்டும். பெயர் வேறொரு தாளில் எழுதி மூடப்பட்டிருக்கும். நடுவர்கள் தீர்ப்புச் சொன்ன பின்னரே அது பிரிக்கப்படும். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த இயேசு சபைக் குருக்கள் இந்தக் கல்வி மரபிலே வளர்ந்தவர்களே. துரின் நகரிலே கைவிடப்பட்ட சிறுவர்களை ஒன்றுசேர்த்த புனித டொன் பொஸ்கோ, புனித பிரான்சிஸ்கு சலேசியாரின் திருநாளில் நன்னடத்தைக்கான பரிசுகளை வழங்கினார். அவற்றுக்கு உரியவர்களைத் தெரிவு செய்வதில் சிறுவர்களுடைய வாக்கையே கேட்டார். ஆகவே பரிசளிப்பு நமக்குப் புதிய வழக்கமும் அல்ல, வெறும் உலக வழக்கமும் அல்ல.

பரிசு ஒரு சாட்சியம்

மரியாதை என்பது அதைப் பெறுபவனிடத்திலும் பார்க்கக் கொடுப்பவனிடத்திலேயே அதிகம் தங்கியிருக்கிறது என்றார் கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில். அவர் வழிநின்று சிந்தித்த புனித தோமஸ் அக்குவைனாஸ், ஒருவரிடத்தில் காணப்படும் மேன்மைக்கு மற்றவர் அளிக்கும் சாட்சியமே மரியாதை என்று விளக்கினார். இது ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. ஒரு பங்கு பரிசளிப்பு விழா நடத்தும்போது இளைஞனைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. எதனை மேன்மையென மதிக்கிறோம் என்று தன்னைப் பற்றியும் அது சாட்சி சொல்கிறது. மேடையில் வாசிக்கப்படும் பெயர்ப்பட்டியல் அந்தப் பங்கின் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு பகுதி போன்றது. கீழே வாங்கில் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ஓராண்டு முழுவதும் கேட்ட பிரசங்கங்களை மறந்துவிடலாம். அன்று யாருக்குக் கை தட்டினார்கள் என்பதை மறவாது.

சாட்சியம் என்றால் அது உண்மையாயிருத்தல் வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. கிண்ணங்களுக்குப் பணம் தந்தவரின் மகன் என்பதற்காக ஒரு பெயரைச் சேர்ப்பதும், சென்ற முறை கோபித்துக்கொண்ட குடும்பத்தைச் சமாதானப்படுத்த ஒரு பரிசை உண்டாக்குவதும், அயலட்டையில் செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளையின் பெயரை “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று தள்ளிவிடுவதும் சிறு சிறு பொய்ச்சாட்சிகளே. பெரியவர்கள் இவற்றைச் சமாளிப்பு என்பர். இளையோர் அப்படிக் கொள்வதில்லை. எவருக்கு எது ஏன் கிடைத்தது என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஓர் அநீதியான பரிசு பெறாதவனை மட்டும் காயப்படுத்துவதில்லை, பெற்றவனையும் கெடுத்துவிடுகிறது.

ஒன்பது ஏயும் ஒரு விளக்குமாறும்

பிரச்சினையை இன்னும் கிட்ட நின்று பார்ப்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடற்கரையோரப் பங்கு ஒன்று. ஒரு மாணவி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்றிருக்கிறாள். பரீட்சைக்கு முந்திய இரண்டு வருடங்களும் ஞாயிறு காலையில் அவளுக்கு ரியூசன். ஆகவே மறைக்கல்வி வகுப்புக்கு அவள் வரவில்லை. அதே வயதுடைய ஒரு பையன் சித்தியடையவில்லை. மாமனோடு கடலுக்குப் போகிறான். சனிக்கிழமை பின்னேரங்களில் கோவில் வளவைக் கூட்டுகிறான். படுக்கையிலிருக்கும் முதியவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவோடு வழிகாட்டியாகச் செல்கிறான். அவர்களில் ஒருவருக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு வருகிறான். பரிசளிப்புக் குழுவின் முன் இருவருடைய பெயரும் இருக்கின்றன. யாரை மேடைக்கு அழைப்பது?

“மாணவியைத்தான் அழைக்கவேண்டும், அவளால் பங்குக்கே பெருமை” என்று ஒருவர் சொல்லுவார். அவரை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. நம் மக்களுக்குக் கல்வி என்பது வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 1970-களின் தரப்படுத்தலையும், 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும், 2009 வரை நீடித்த யுத்தத்தில் இடம்பெயர்ந்து மரநிழல்களில் நடந்த வகுப்புகளையும் கண்ட சமூகம் இது. காணியும் வீடும் வள்ளமும் பறிபோன காலத்தில் படிப்பு ஒன்றே கையில் எஞ்சியது. பிள்ளையை அவையிலே முன்னிற்கச் செய்வதைத் தந்தையின் கடமையாக வைத்தார் வள்ளுவர். மகளின் பெறுபேற்றைக் கேட்டுக் கண்கலங்கும் தாயின் மகிழ்ச்சியைத் திருச்சபை தன் மகிழ்ச்சியாக ஏற்கவேண்டும். விடியுமுன் எழுந்து படித்த அந்தப் பிள்ளையின் உழைப்பும் இறைவன் தந்த கொடையைப் பயன்படுத்திய உழைப்புத்தான்.

எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அம்மாணவியை அவளுடைய பாடசாலை பாராட்டும். ரியூட்டரி மதிலிலே அவளுடைய படம் ஒட்டப்படும். சனசமூக நிலையமும் வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கமும் அவளைக் கௌரவிக்கும். தண்ணீர் அள்ளிய பையனை இவற்றுள் எதுவுமே அறியாது. அவனைக் காணக்கூடிய கண் பங்குக்கு மட்டுமே உண்டு. பங்கும் அவனைக் காணாமல், ஏனையோர் கண்டதையே திரும்பவும் கண்டு கைதட்டுமாயின், அந்த மேடையைக் கோவில் வளவிலே கட்டவேண்டிய தேவை என்ன?

இதிலும் பாரதூரமான விளைவு ஒன்று உண்டு. ஞாயிறு காலையை ரியூசனுக்குக் கொடுப்பதா மறைக்கல்விக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொரு குடும்பமும் இன்று மனச்சாட்சியோடு போராடுகின்றது. பெறுபேற்றுக்கு மட்டும் பரிசு வழங்கும் பங்கு, அந்தப் போராட்டத்தில் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ரியூசனுக்குப் போனதே சரி என்று மேடையில் நின்று அறிவிக்கிறது. பின்னர் மறைக்கல்விக்குப் பிள்ளைகள் வருவதில்லையென்று பிரசங்கத்தில் குறைபட்டுப் பயனில்லை.

இதற்காக மாணவியைப் புறக்கணிக்கவேண்டும் என்பதல்ல. அவளுக்காகவும், சித்தியடைந்த ஏனையோருக்காகவும், சித்தியடையாமல் மனமுடைந்தவர்களுக்காகவும் ஒரு ஞாயிறு திருப்பலியில் நன்றியும் மன்றாட்டும் ஒப்புக்கொடுக்கலாம். அது அவளுக்குக் கிண்ணத்திலும் பெரிய கௌரவம். தாலந்து உவமையிலே ஐந்து தாலந்து ஈட்டியவனுக்கும் இரண்டு ஈட்டியவனுக்கும் தலைவன் சொன்ன பாராட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரு சொல்லும் வித்தியாசமில்லை. ஈட்டிய தொகையை அவன் ஒப்பிடவில்லை. இருவரும் உண்மையுள்ளவர்களாய் இருந்ததையே கண்டான். கையில் கிடைத்ததற்கு உண்மையாயிருந்தாளா, கையில் கிடைத்ததற்கு உண்மையாயிருந்தானா என்பதே கிறிஸ்தவ அளவுகோல். அந்த அளவுகோலைப் பிடித்தால் இருவரையும் பகைமையின்றி ஒரே விழாவிலே காணமுடியும்.

மேடை ஏறாத ஒரு புனிதர்

2025 செப்டெம்பர் 7-ஆம் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோ இரண்டு இளைஞர்களைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஒருவர் 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்கூத்திஸ். மற்றவர் 1901-இல் துரின் நகரில் பிறந்த பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி. பின்னவருடைய வரலாறு நம் விடயத்துக்கு மிகப் பொருத்தமானது.

பிரசாத்தியின் தந்தை ஒரு பெரிய செய்திப் பத்திரிகையின் அதிபர். ஜெர்மனியில் இத்தாலியத் தூதுவராகவும் இருந்தவர். மகன் படிப்பிலே கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்கவில்லை. பாடசாலையில் பரீட்சை தவறியதும் உண்டு. சுரங்கப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, பட்டம் பெறுமுன்னரே, 1925 யூலை 4-ஆம் திகதி இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். வயது இருபத்துநான்கு. நம் பங்குகளிலும் இருக்கின்ற புனித வின்சென்ட் டி போல் சபையில் சேர்ந்து, துரின் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அவர் போய்வந்துகொண்டிருந்தார். தம் கைச்செலவுப் பணத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்புவாராம். வீட்டார் இதை முழுமையாக அறிந்திருக்கவில்லை. மரணச் சடங்கிலே முன்பின் அறியாத ஏழைகள் திரள்திரளாக வந்து நின்றதைக் கண்ட பின்னர்தான் தங்கள் பிள்ளை யாரென்று குடும்பம் அறிந்துகொண்டது.

1924-இலே அவருடைய பங்கில் ஓர் இளையோர் பரிசளிப்பு விழா நடந்திருந்தால், நம் வழமைப்படி தயாரித்த பட்டியலில் அவருடைய பெயர் எங்கே இருந்திருக்கும்? பெறுபேற்றுப் பட்டியலில் இராது. சித்திரமும் பேச்சும் பாட்டும் போட்டிகளாக வைத்தால் அதிலும் இருந்திராது. அவரை அறிந்தவர்கள் மாடிப்படிகளின் கீழும் ஒற்றை அறைகளிலும் வாழ்ந்த நோயாளிகள். அவர்களிடம் கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். நம்முடைய குழுக்கள் யாரைக் கேட்கின்றன? இதை ஒவ்வொரு பங்கும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும்.

நற்குணத்துக்குப் பரிசா?

இங்கே ஒரு புதிய ஆபத்து எழுகின்றது. அப்படியானால் பக்திக்கும் தாழ்ச்சிக்கும் அன்புக்கும் பரிசு கொடுப்போம் என்று நாம் புறப்பட்டுவிடலாம். “சிறந்த கிறிஸ்தவ இளைஞன்” என்று கேடயத்தில் பொறித்துக் கொடுக்கலாம். இது முன்னையதிலும் கெட்டது. தாழ்ச்சிக்குப் பரிசு வாங்க மேடை ஏறுபவன் இறங்கும்போது தாழ்ச்சியோடு இறங்குவது கடினம். ஆலயத்தின் முன்னே நின்று, தான் மற்றவரைப் போன்றவன் அல்லன் என்று கடவுளுக்கு நன்றி சொன்ன பரிசேயனை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

அதுமட்டுமன்றி, அது அந்த இளைஞனுக்குச் செய்யும் அநியாயமும் ஆகும். பதினேழு வயதுப் பிள்ளையின் ஆன்மாவை அளக்க நமக்கு அதிகாரம் இல்லை. திருச்சபை எவரையும் உயிரோடிருக்கும்போது புனிதர் என்று அறிவிப்பதில்லை. ஒருவர் இறந்து ஐந்து வருடம் கழியுமுன் அவருடைய வழக்கையே சாதாரணமாகத் தொடங்குவதில்லை. நாமோ டிசெம்பரில் கேடயம் கொடுத்துவிடுகிறோம். தை மாதத்தில் அந்தப் பிள்ளை ஒரு தவறு செய்தால் ஊர் என்ன சொல்லும்? “இவன்தானே சிறந்த கிறிஸ்தவன் என்று பரிசு வாங்கினவன்!” ஒரு சாதாரணப் பிள்ளைக்குக் கிடைக்கும் மன்னிப்புக்கூட அவனுக்குக் கிடையாது. வெட்கத்தினால் அவன் கோவிலைவிட்டே விலகிவிடவும் கூடும். பட்டம் கொடுத்தவர்கள் அப்போது அவன் வீட்டுக்குப் போவார்களா?

ஆகவே, ஆளைப் பற்றித் தீர்ப்புக் கூறாது, செய்த வேலைக்கு நன்றி கூறுவதே நேரிய வழி என்று தோன்றுகிறது. “இவர் தாழ்ச்சியுள்ளவர்” என்பதை நாம் அறியோம். “இவர் இந்த ஆண்டு முழுவதும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார்” என்பதை அறிவோம். “இவள் பாடகர் குழாமின் பாட்டுப் புத்தகங்களைக் கையால் பிரதி செய்தாள்”, “இவன் பெருமழைக்குள் நனைந்த மண்டபத்தை விடியுமுன் துப்புரவாக்கினான்”, “இவள் காது கேளாத தம்பியைத் திருப்பலிக்கு அழைத்து வந்து சைகையால் வாசகங்களைச் சொல்லிக் கொடுத்தாள்” — இவையெல்லாம் எவரும் கண்டு சாட்சி சொல்லக்கூடிய செயல்கள். பவுலடியாரும் இப்படியே எழுதினார். நன்றி பெற்றவன் செருக்கடைவது அரிது. தன் வேலை யாருக்கோ பயன்பட்டது என்று மகிழ்ந்து, திரும்பவும் செய்ய விரும்புவான்.

அழைக்கப்படாதவர்கள்

எந்தப் பரிசளிப்பிலும் மேடைக்கு வருபவர்களிலும் வராதவர்களே அதிகம். அவர்களை எண்ணாமல் விழாவைத் திட்டமிடுவது சரியன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு கிண்ணம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தீராது. எல்லாருக்கும் ஒரேபடி கிடைக்கும் கிண்ணத்தில் எவருக்கும் ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

ஓட்டப் பந்தயத்தில் பலர் ஓடினாலும் ஒருவனே பரிசு பெறுகிறான் என்ற உவமையைக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். அந்த நகருக்கு அருகிலேதான் இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன. வென்றவனுக்குக் கிடைத்தது இலைகளால் முடைந்த, வாடிப்போகும் ஒரு முடி. ஆனால் தம் இறுதிக் காலத்தைப் பற்றித் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, தமக்கென வைக்கப்பட்டிருக்கும் முடி தமக்கு மட்டும் உரியதன்று, ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருக்கும் எல்லாருக்கும் உரியது என்கிறார். விளையாட்டு மைதானத்தில் ஒருவன் வென்றால் மற்றவன் தோற்கவேண்டும். சேவையிலே அந்த நியதி இல்லை. ஒருவன் நன்றாகக் கற்பித்ததால் மற்றவள் கற்பித்தது குறைந்துவிடாது. எனவே கட்டுரை, பேச்சு, கரப்பந்தாட்டம் போன்ற போட்டிகளுக்கு முதலாம் இரண்டாம் இடங்கள் இருக்கட்டும். சேவைக்கான நன்றியில் இலக்கமிடுதல் வேண்டாம்.

அழைக்கப்படாத பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மேடையில் என்ன காரணம் சொல்லப்படுகிறதோ அது தன்னாலும் செய்யக்கூடிய காரியமாக அவனுக்குத் தோன்றவேண்டும். ஒன்பது ஏ எல்லாராலும் எடுக்க இயலாது. ஒரு முதியவருக்குத் தண்ணீர் அள்ளிக்கொடுக்க எவனாலும் இயலும். அப்படிப்பட்ட விழாவிலிருந்து வீடு திரும்பும் பிள்ளை பொறாமையோடு போகாமல், நாளைக்கு என்ன செய்யலாம் என்ற எண்ணத்தோடு போகக்கூடும்.

விழாவை நடத்தும் முறை

கொள்கை நல்லதாயினும் நடத்தும் முறையிலே அது கெட்டுப்போவதுண்டு. ஆகையால் சில நடைமுறை விடயங்களையும் குறிப்பிட விரும்புகிறோம்.

முதலாவது, விழா டிசெம்பரில் என்றால் பார்ப்பது தை மாதத்திலேயே தொடங்கவேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள், மரியாயின் சேனையினர், வின்சென்ட் டி போல் சபையினர், கோவிலைத் திறந்து பூட்டுபவர் ஆகியோர் கண்டதைக் கண்டபோதே ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் கூடி ஞாபகத்திலிருந்து எழுதும் பட்டியலில், அடிக்கடி கண்ணில் படும் பிள்ளைகளின் பெயர்களே வரும். டொன் பொஸ்கோ செய்ததுபோல் இளையோரையும் கேட்கலாம். நோயாளிகளையும் முதியோரையும் வீடு தேடிச் சென்று கேட்கலாம்.

இரண்டாவது, தெரிவுக் குழுவில் இருப்பவரின் சொந்தப் பிள்ளையோ மருமகளோ பேசப்படும் வேளையில் அவர் எழுந்து வெளியே போய்விடுவது நல்லது. கட்டுரைப் போட்டிகளில் பெயர் மறைத்துத் திருத்தும் நானூறு வருடப் பழைய முறை இன்றும் நமக்கு உதவும்.

மூன்றாவது, பணம். வெளிநாட்டில் வாழும் நம் உறவுகள் பெற்றோரின் ஞாபகார்த்தமாகப் பரிசுகளை உபகரிக்கின்றனர். அது நன்றிக்குரிய செயல். ஆனால் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு ஐந்து நிமிடமும், பரிசு பெறும் பிள்ளையின் பெயர் ஐந்து விநாடியும் வாசிக்கப்படுமானால் விழா யாருக்கென்ற கேள்வி எழும். பெரிய கிண்ணத்திலும் பார்க்க ஒரு திருவிவிலியம், ஓர் அகராதி, ஒரு துவிச்சக்கர வண்டி விளக்கு பயனுள்ளதாக இருக்கலாம். சான்றிதழில் “சிறப்பான சேவை” என்று பொதுவாக அச்சிடாமல், செய்த வேலையை ஒரு வசனத்தில் கையால் எழுதிக் கொடுத்தால், அதை அப்பிள்ளை ஆயுள் முழுவதும் வைத்திருக்கும்.

நான்காவது, கதிரைகள். பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும் கந்தை உடுத்தவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைப் புனித யாக்கோபு தம் திருமுகத்திலே கண்டித்திருக்கிறார். முன்வரிசையில் பிரமுகர்களும், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடன் வந்தவர்களும், கடைசி வரிசைக்குப் பின்னே வாசலில் நின்றபடி பரிசு பெறும் பிள்ளையின் தாயும் என்றால் யாக்கோபு இன்றும் நம்மோடுதான் பேசுகிறார். முன்வரிசை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரியதாகட்டும். தாய் தந்தையை இழந்த பிள்ளையோடு யார் வருவார், யார் அதன் பக்கத்தில் இருப்பார் என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யட்டும்.

ஐந்தாவது, நேரம். ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று உரைகள் நீள நீள, சிறுவர் வாங்கில்களில் தூங்கி விழுகின்றனர். பேச்சுகள் சுருங்கட்டும், காரணங்கள் தெளிவாக வாசிக்கப்படட்டும். பெயர்களைச் சரியாக உச்சரிக்க முதல்நாளே கேட்டு அறிந்துகொள்வது சிறு காரியம்தான். பெயர் பிழையாக வாசிக்கப்பட்ட பிள்ளைக்கு அது சிறு காரியமன்று. பரிசைக் கையளிப்பவர் எப்போதும் பெரும் பதவியில் இருப்பவராகத்தான் இருக்கவேண்டுமா? தண்ணீர் பெற்ற முதியவரால் நடக்க இயலுமானால், அவரே அந்தப் பையனுக்குக் கொடுக்கட்டும்.

ஆறாவது, இடமும் நாளும். திருப்பலியின் நடுவே பரிசளிப்பைப் புகுத்தாமல், திருப்பலியை நன்றிப் பலியாக ஒப்புக்கொடுத்துவிட்டு, பின்னர் மண்டபத்திலோ வளவிலோ விழாவை வைப்பதே முறை. பீடம் மேடையாகலாகாது. 2021 முதல் மறைமாவட்டங்களில் உலக இளையோர் தினம் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று கொண்டாடப்படுகின்றது. வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறாகிய அந்நாள் இவ்விழாவுக்கு மிகப் பொருத்தமாகும். முள்முடி சூடிய அரசரின் திருநாளிலே கிண்ணங்களைப் பற்றிய நம் ஆசைகளும் சற்று அளவுக்குள் அடங்கும்.

யாருடைய கொடை?

இறைவன் நம் புண்ணியங்களுக்கு முடிசூட்டும்போது தம்முடைய கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது புனித அகுஸ்தீனாரின் போதனை. புனிதர்களின் திருநாட்களில் திருப்பலித் தொடக்கவுரையிலும் இக்கருத்தைத் திருச்சபை செபிக்கின்றது. பரிசளிப்பு விழாவின் முழு அர்த்தமும் இதிலே அடங்கியுள்ளது. இந்தப் பிள்ளைகளிடத்தில் இறைவன் எதைச் செய்தார் என்பதைக் கண்டு, ஊரறிய அவருக்கு நன்றி கூறுவதற்காகவே நாம் கூடுகிறோம். அதைக் காணக் கண் இல்லாத பங்கு எத்தனை கிண்ணங்கள் வாங்கினாலும் வெறும் கிண்ணங்களையே கொடுக்கும்.

ஆகவே அன்பான பங்கு மக்களே, இவ்வருடக் குழு கூடும்போது பிரதம விருந்தினரைப் பற்றிப் பேசுமுன் ஒரு நிமிடம் மௌனமாயிருந்து, “இந்த ஆண்டு நம் பங்கிலே யாரும் காணாமல் நன்மை செய்த இளையோர் யார்?” என்று ஒருவரையொருவர் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் விழாவைச் சில கிழமைகள் பிற்போட்டுவிட்டு, வீடுகளுக்குப் போய் விசாரியுங்கள். பதிலாக வரும் பெயர்களுள், பரீட்சை தவறிய நாளிலிருந்து கோவில் முற்றத்தின் கடைசி வரிசையிலே நிற்கும் ஒருவனுடைய பெயரும் இருக்கக்கூடும். அவனைப் பெயர் சொல்லி முன்னே அழைப்பது அவன் வாழ்க்கையில் ஒரு திருப்பமாக அமையலாம்.

விழா முடிந்து பந்தல் அவிழ்க்கப்பட்டபின் நம் வேலை முடிந்ததென்று எண்ணிவிடலாகாது. பரிசு பெற்றவனும் பெறாதவனும் அடுத்த சனிக்கிழமை வளவைக் கூட்ட ஒன்றாக வருகிறார்களா என்று பார்ப்போம். வந்தால் இறைவனுக்கு நன்றி கூறி, நாமும் ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொள்வோம்.